கப்பலேறிய ஒரு சொல்



ஈப்போ ஜாலான் லாஹாட்டில் உள்ள லிட்டில் இந்தியாவில் நகை வாங்கப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கடைக்காரர் சங்கிலியைத் தராசில் வைப்பார். தங்கத்தின் விலையைப் பெருக்குவார். பிறகு, "செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு" என்று சேர்த்துச் சொல்வார். நாமும் செய்கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. தங்கத்தை உருக்கி, தட்டி, இழைத்துத் தந்த கைக்குச் சேர வேண்டிய பணம் அது. மதிப்பான சொல்தான்.

அதே சொல்லை மனிதன் ஒருவனைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். உடனே அது வசையாகிவிடுகிறது. நகைக்கடையில் மதிப்போடு இருக்கும் சொல் தோட்டத்து லயத்துக்கு வந்ததும் ஏன் தலைகுனிகிறது? இன்றைய உரையில் இதைத்தான் பார்க்கப் போகிறோம். 'கூலி' என்னும் சொல் கப்பலேறி, உலகம் சுற்றி, ஆங்கில அகராதியில் இடம்பிடித்து, வேறு முகத்தோடு நம்மிடமே திரும்பி வந்த வரலாறு இது.

இந்தச் சொல்லைத் தேடி நான் புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளிக்குப் போன புதிது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு உதவித்தொகைப் பாரம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். ஒரு பையன் எல்லாவற்றையும் அழகாக எழுதிவிட்டு, 'தந்தையின் தொழில்' என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். அருகே அழைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "கூலின்னு எழுதணுமா ஐயா? பசங்க சிரிப்பாங்க" என்றான்.

அவனுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. நானும் பால்மரம் வெட்டியவர் மகன்தான். பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் படித்தபோது அதே இடத்தை நானும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

முதலில் நம் வீட்டுக்குள் இந்தச் சொல் எப்படி இருந்தது என்று பார்ப்போம். திருக்குறளில் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில், 619ஆம் குறளில், கூலி என்ற சொல் வருகிறது. தெய்வமே கைவிட்டாலும், உடல் வருந்தி உழைத்த முயற்சி அதற்குரிய கூலியைக் கொடுத்தே தீரும் என்பது அதன் கருத்து. திருவள்ளுவர் கையில் அது தாழ்ந்த சொல் அன்று. முயற்சிக்கு உலகம் கொடுத்தாக வேண்டிய பயனின் பெயர் அது.

கூலம் என்றொரு பழஞ்சொல்லும் உண்டு. அதற்குத் தானியம் என்று பொருள். சிலப்பதிகாரம் காட்டும் மதுரையில் தானியக் கடைகள் இருந்த தெருவுக்குக் கூல வீதி என்றே பெயர். வேலை செய்தவருக்குக் கூலத்தை அளந்து கொடுத்ததால் அது கூலி ஆயிற்று என்று சொல்லாய்வறிஞர் தேவநேயப் பாவாணர் விளக்கினார். சம்பளம் என்பதையும் அவர் அவ்வாறே பிரித்தார்: சம்பு என்னும் நெல்லும், அளம் என்னும் உப்பும். ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் 'சேலரி' என்ற சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். வெகு தொலைவில் இருந்த இரண்டு மொழிகள் உப்பில் வந்து சந்திக்கின்றன. அறிஞர்கள் எல்லாரும் இந்தப் பிரிப்புகளை ஏற்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நெல்லும் உப்பும் கூலியாக அளக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது உறுதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தமிழில் கூலி என்பது கொடுக்கப்படும் பொருளின் பெயர். மனிதனின் பெயர் அன்று. வண்டிக்கூலி, தையற்கூலி, நெசவுக்கூலி, அச்சுக்கூலி என்றெல்லாம் சொல்கிறோம். வேலை செய்யும் ஆளைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். ஆங்கிலம் என்ன செய்தது? பின்னால் வந்த 'ஆள்' என்பதை வெட்டி எறிந்துவிட்டு, பணத்தின் பெயரையே மனிதனுக்கு வைத்தது.

ஆங்கில அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றிப் பலகாலம் வாதாடியிருக்கிறார்கள். 1886இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற விநோதப் பெயரோடு ஓர் அகராதி வெளிவந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த கீழைநாட்டுச் சொற்களைத் தொகுத்த நூல் அது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் என்ற இருவர். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். அகராதி அச்சாவதற்கு முன்பே, 1882இல் இறந்துவிட்டார். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆகிய நம் சொற்களும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன. ஆனால் கூலியைப் போல நீண்ட வழக்கு அவற்றுக்கு இல்லை.

அந்த வழக்கில் பல கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, இது குஜராத்துக் கடற்கரையிலும் மலைகளிலும் வாழும் 'கோலி' என்ற சமூகத்தாரின் பெயர் என்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அப்பகுதிக்கு வந்த போர்த்துகீசியர் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலர் சுமை தூக்கும் வேலை செய்ததால், சுமை தூக்குபவர் எல்லாருக்கும் அந்தப் பெயர் பரவியது என்பது வாதம். இரண்டாம் கட்சி தமிழ்க் கூலி. மூன்றாவதாக, அடிமையைக் குறிக்கும் 'குல்' என்னும் துருக்கிச் சொல்லைக் காட்டுபவர்களும் உண்டு.

ஈப்போ போன்ற ஊரில் வாழும் நமக்கு நான்காவது கட்சி ஒன்றும் தெரியும். இது சீனச் சொல் என்று நம் சீன நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் அழகிருக்கிறது. சீன எழுத்தில் இச்சொல்லை இரண்டு குறிகளால் எழுதுகிறார்கள். 'கு' என்ற முதற்குறிக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள். 'லி' என்பதற்கு வலிமை என்று பொருள். சேர்த்தால் 'துன்பப்படும் உடல்வலிமை'. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் இடுப்பளவு சேற்றில் நின்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? ஆனால் வரலாறு வேறாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஓசையைக் கேட்டு, அதற்குப் பொருத்தமான பொருள் தரும் குறிகளைச் சீனர் பின்னால் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். சொல் இரவல், அதற்குப் போட்ட சட்டை சொந்தம்.

வேடிக்கையாக இன்னொன்று சொல்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் முதல் வாரம் நேர அட்டவணையைப் பார்த்த என் அறைத்தோழர், "படிக்க வந்த இடத்திலும் கூலியா?" என்று சிரித்தார். விரிவுரைக்கு மலாயில் 'குலியா' என்று பெயர். அது அரபுமொழியிலிருந்து வந்த வேறு சொல். நம் கூலிக்கும் அதற்கும் உறவில்லை. ஓசை ஒத்திருப்பதாலேயே உறவு கொண்டாடக் கூடாது என்பதை நான் கற்றது அன்றுதான்.

என் கருத்தைக் கேட்டால், கோலியும் கூலியும் ஆங்கிலேயர் வாயில் ஒன்றாய்க் கலந்துவிட்டன என்றே சொல்வேன். மேற்குக் கரையில் கேட்ட பெயரும், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நாள்தோறும் கேட்ட கூலி என்ற பேச்சும் ஒரே மாதிரி ஒலித்தன. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில வணிகர்களின் எழுத்தில் அது சுமைதூக்குபவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதுவரையில் பெரிய தீங்கு இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் மாலையில் காசு வாங்கிக்கொண்டு தம் வீட்டுக்குத்தான் போனார்.

தீங்கு தொடங்கியது அடிமை முறை ஒழிந்த பிறகு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் நிறைவேற்றிய சட்டம் 1834 ஆகஸ்டு 1இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரோடு மொரீசியசில் நின்றது. 1838இல் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற கப்பல்கள் தென் அமெரிக்காவின் கயானாவுக்குச் சென்றன. 1845இல் திரினிடாடு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1879இல் பீஜித் தீவு. சீனாவிலிருந்து கியூபாவுக்கும் பெருவுக்கும் இதே காலத்தில் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். அந்த வாணிபத்துக்கே ஆங்கிலத்தில் கூலி வாணிபம் என்று பெயர். 1862இல் அதைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன்.

இப்படிப் போனவர்கள் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது. போனால் அது குற்றம், சிறை உண்டு. வேலையை விட்டு நிற்பவனைச் சிறையில் போடும் சட்டம் இருந்தால், அவன் வாங்குவது கூலியாக இருந்தாலும் அவன் நிலை என்ன? டச்சுக்காரர் ஆண்ட சுமத்திராவில், நமக்கு எதிர்க்கரையில், 1880இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு 'கூலிச் சட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். மேடான் பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. ஒரு சொல் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டால் பிறகு அதை இறக்குவது எளிதன்று.

இந்தப் பக்கம், பினாங்கின் எதிர்க்கரையிலும் நம் பேராக் மாநிலத்துக் கிரியான் பகுதியிலும் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாய் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் வளர்ந்தது கங்காணி முறை. கண்காணி என்ற தமிழ்ச்சொல்தான் கங்காணி ஆகி, ஆங்கிலத்திலும் நுழைந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய் ஆட்களைச் சேர்த்து வருவார். அவர் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். ஆளின் கூலி ஒரு கணக்கு. ஆளின் தலைக்கு இன்னொரு கணக்கு.

அந்நாளைய அரசாங்க அறிக்கைகளிலும் தோட்டத்துரைமார் கடிதங்களிலும் 'தமிழ்க் கூலிகள்' என்ற தொடரைப் பார்க்கலாம். அவர்கள் வாழ்ந்தது கூலி லயம். இலங்கையில் துரைமாருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சிட்ட கையேடு ஒன்றின் பெயரே 'கூலித் தமிழ்'. எண்ணிப் பாருங்கள்: ஆளுக்கு ஒட்டிய பெயர் அவன் வீட்டுக்கு ஒட்டி, பிறகு அவன் தாய்மொழிக்கும் ஒட்டிக்கொண்டது.

இலங்கையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஏட்டில் குறிப்பதால் வந்த வழக்கு. சொன்ன அளவுக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு 'அரைப்பேர்' போடுவார்கள், அதாவது பாதிக் கூலி. இங்கிலீசில் கூலி ஆளின் பேராயிற்று. இலங்கைத் தோட்டத்திலோ ஆளின் பேர் கூலியாயிற்று. அந்த அரைப்பேர் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

தென்னாப்பிரிக்காவில்தான் இந்தச் சொல் முழு வசையாக முற்றியது. அங்கே தோட்டத்தில் வேலை செய்பவர் மட்டுமல்லர், இந்தியராய்ப் பிறந்த எல்லாருமே கூலி. டிரான்ஸ்வாலில் 1885இல் இயற்றிய மூன்றாம் எண் சட்டம், ஆசிய இனத்தாரின் உரிமைகளைப் பறித்தபோது, 'கூலிகள் எனப்படுவோர்' என்றே எழுதியது. ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் ஒதுக்கி வைக்கப்பட்ட இடத்துக்கும் கூலிக் குடியிருப்பு என்று பெயர். 1893இல் அங்கே போன காந்தியடிகளைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். இலண்டனில் சட்டம் படித்தவர் யாருக்கும் மூட்டை தூக்கிக் கூலி வாங்கவில்லை. ஆனாலும் அவர் கூலிதான். சொல்லுக்கும் தொழிலுக்கும் இருந்த கடைசி நூலும் அங்கே அறுந்தது.

தமிழருக்கு அங்கே இன்னொரு பெயரும் கிடைத்தது. நம் பெயர்கள் பல 'சாமி' என்று முடிவதால், வெள்ளையர் நம்மவரை எல்லாம் 'சாமி' என்று இளக்காரமாக அழைத்தார்கள். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். சாமி என்றால் எசமானன் என்று பொருள். அப்படி அழைக்கிறீர்களே, நான் உங்கள் எசமானன் இல்லையே என்று சில இந்தியர் திருப்பிக் கேட்டார்களாம்! வசவுக்காரனுக்கு அவன் வசவின் பொருளைக் கற்றுக்கொடுத்த அந்தத் தமிழர் யாரோ, அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதே நாட்டில் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி, எசமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, கிழிந்த துணியோடு காந்தியடிகளைத் தேடி வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளையர் முன் ஒப்பந்தத் தொழிலாளர் அப்படித்தான் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை, ஓர் இந்திய வழக்கறிஞர் முன்னும் அவர் கடைப்பிடித்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் சொன்னார். அதைக் கட்டியபோது பாலசுந்தரத்தின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியையும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் என்பவர் முன்னின்றார். கூலி உயர்வு கேட்டார்கள். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் அளவு வேண்டும் என்றார்கள். அதோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். இதற்கு ஒரு காசுகூடச் செலவில்லை. ஆயினும் நாதன் கைது செய்யப்பட்டார், நாடு கடத்தப்பட்டார். படை வந்து சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அவர்கள் உயிர் போயிற்று.

கூலிக் கணக்கையும் சிறிது பார்ப்போம். 1920களின் பிற்பகுதியில் இந்நாட்டில் இந்தியத் தொழிலாளருக்கு அரசாங்கம் வரையறுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்ததும் அது ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. பெண்ணும் விடியுமுன் எழுந்தாள். அதே நிரையில் மரம் வெட்டினாள். அதே வாளியைத் தூக்கினாள். அந்த 10 காசு வேறுபாடு எதற்கு என்று என் பாட்டி கேட்பதுண்டு.

பாட்டி சிறு பெண்ணாக இருந்தபோது 'ரஜூலா' கப்பலில் தாய் தகப்பனோடு வந்தவர். தொழிலாளரை உதவியளித்து அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இல் நிறுத்துவதற்கு முன் வந்த கூட்டம். பள்ளியில் நான் பட்ட அவமானத்தை ஒருநாள் அவரிடம் சொல்லி அழுதேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கூலிக்குத்தானேடா வந்தோம், களவாடவா வந்தோம்? கூலி குடுக்காதவன்தான் வெக்கப்படணும், வாங்குறவன் ஏன் வெக்கப்படணும்?" என்றார். திருவள்ளுவர் சொன்ன பொருளிலேயே அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தினார் என்பது பயிற்சிக் கல்லூரியில் குறளைப் பாடமாகப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாட்டிக்கு எழுத்து தெரியாது. கப்பலேறிப் போன சொல் கெட்டுத் திரும்பியது அவர் காதில் விழவே இல்லை.

ஜப்பானியர் காலத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா மரண ரயில்பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆண்களை ஏற்றிச் சென்றார்கள். அவர்களை ஜப்பானியர் 'ரோமுஷா' என்றார்கள். தொழிலாளி என்பதே அதன் நேர்ப்பொருள். குற்றமில்லாத சொல்தான். ஆனால் அந்தச் சொல்லின் கீழ் எத்தனையோ லயங்கள் ஆணில்லாத லயங்களாயின. இன்று அது உலக வரலாற்றில் கட்டாய வேலைக்காரரின் பெயர். சொல் எப்படிப் பிறந்தது என்பதைவிட, யார் கையில் எதற்குப் பயன்பட்டது என்பதே அதன் பொருளை முடிவு செய்கிறது போலும்.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. மேடையிலும் பத்திரிகையிலும் 'தொழிலாளி', 'பாட்டாளி' என்ற சொற்கள் வந்து அமர்ந்தன. தினக்கூலி போய் மாதச் சம்பளம் வேண்டும் என்பது பல பத்தாண்டுகள் நீண்ட கோரிக்கை. 2013இல்தான் குறைந்தபட்சச் சம்பளம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1700 ஆயிற்று. இதற்குள் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன, லயங்கள் இடிபட்டன, நம் குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்துவிட்டன.

மற்ற நாடுகளில் சொல்லின் கதை வெவ்வேறாகப் போயிருக்கிறது. மொரீசியசில் தொழிலாளர் இறங்கிய படித்துறைக்கு முன்னர் 'கூலித் துறை' என்று பெயர். இன்று அது 'ஆப்ரவாசி காட்', அதாவது குடியேறியோர் துறை. 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆனால் அதே தீவின் கவிஞர் கால் தொராபுலி, பெயரை மறைக்கக் கூடாது என்று, 'கூலிமை' என்று பொருள்படும் ஒரு புதுச்சொல்லைப் படைத்து 1992இல் நூல் எழுதினார். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர், 1903இல் தனியாகக் கப்பலேறிய தம் பூட்டியைப் பற்றி 2013இல் எழுதிய நூலுக்குக் 'கூலிப் பெண்' என்றே பெயர் சூட்டினார். திரினிடாடிலும் கயானாவிலும் இன்றும் அது ஒருவரை அடிக்கத் தூண்டும் சொல்.

இந்தியாவில் ரயில் நிலையச் சுமையாளர்களை 2016இல் 'சஹாயக்', அதாவது உதவியாளர், என்று ரயில்வே அமைச்சகம் பெயர் மாற்றியது. பெயர் மாறியதே தவிர பெட்டியின் பாரம் குறையவில்லை என்பது வேறு செய்தி. இந்தோனேசியாவில் பத்திரிகையாளர்கள் தங்களையே வேடிக்கையாக 'மைக்கூலி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பீஜியில் நம்மவர் 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் 'கிர்மிட்' என்று வளைத்துத் தங்களைக் 'கிர்மிட்காரர்' என்று அழைத்துக்கொண்டார்கள். நம் சொல்லை ஆங்கிலேயர் கெடுத்தார்கள் என்றால், அவர்கள் சொல்லை நாமும் சும்மா விடவில்லை! தமிழ்நாட்டிலோ 2025இல் ரஜினிகாந்த் நடித்த படத்துக்குக் 'கூலி' என்று பெயர். அதைப் பார்க்க நம் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எவரும் வெட்கப்படவில்லை.

ஆனால் தமிழ்மொழி முற்றும் குற்றமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கூலிக்கு மாரடிப்பது என்ற பழமொழி நம்முடையது. கூலிப்படை என்ற சொல்லும் நம்முடையதே. கூலிக்காரன் என்று இளக்காரமாகச் சொன்ன பண்ணையார்கள் தமிழில்தான் சொன்னார்கள். ஆங்கிலேயர் வருமுன்பே நம் ஊரில் அந்த இளக்காரம் முளைத்திருந்தது. அவர்கள் அதற்கு உரம் போட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்று தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். முகவருக்குக் கடன்பட்டு வருகிறார்கள். நெருக்கமான அறைகளில் தங்குகிறார்கள். மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். கடைத்தெருவில் அவர்களைக் கண்டால் நம் இளைஞர்கள் "டேய் பங்களா" என்கிறார்கள். நாட்டின் பெயர்தானே, அதில் என்ன வசை என்று கேட்கலாம். கூலி என்பதும் வெறும் பணத்தின் பெயர்தான், நேயர்களே. அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்கும்போது, பட்டணத்துப் பள்ளி வகுப்பறை எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

பாரத்தை நிரப்பாமல் நின்ற பையனிடம் மறுநாள் பேசினேன். மேலே சொன்ன கதையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. "உங்கப்பா என்ன வேலை செய்றாரோ, அத எழுதுப்பா" என்று மட்டும் சொன்னேன். சற்று யோசித்து, பாரம் மலாயில் இருந்ததால், 'பெனோரே கெத்தா' என்று எழுதினான், பால்மரம் வெட்டுபவர். கெத்தா என்ற அந்த மலாய்ச் சொல்லும் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போய், கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்ட 'கட்டாபர்ச்சா' என்னும் பாலின் பெயராக இருக்கிறது. அது வேறொரு நாளைக்கு ஆகும். பையன் எழுதி முடித்து அடுத்த வரிக்கு வந்தான். தாயின் தொழில். அங்கே அவன் நிற்கவில்லை. அதே இரண்டு சொற்களை மறுபடியும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "அப்பாவ விட அம்மாதான் ஐயா கூட மரம் வெட்டுவாங்க" என்றான்.